விஷவாயு தாக்கி

2024 ஜூன் 11, செவ்வாய்க்கிழமை. காலை மீட்டிங்கில் இருந்தபோது அம்மா மூன்று முறை கூப்பிட்டிருந்தாள். நாலாவது முறை எடுத்தேன்.

“டேய், ரெட்டியார்பாளையம் புதுநகர்ல பாத்ரூம் வழியா கேஸ் வந்து ஆளுங்க செத்துட்டாங்களாம். நான் நம்ம பாத்ரூம் கதவெல்லாம் சாத்தி வெச்சிருக்கேன். மாடில குடியிருக்கிற பொண்ணு கொழந்தையத் தூக்கிட்டு கீழ வந்து உக்காந்திருக்கு. இன்னா பண்றது?”

எங்கள் வீடு மூலக்குளத்தில். புதுநகருக்கு அங்கிருந்து வண்டியில் பத்து நிமிஷம்கூட ஆகாது. நான் இருந்தது பெங்களூரில். “கேஸ்னா, சிலிண்டர் லீக்காம்மா?” என்று கேட்டேன். நாலு வருஷம் பொறியியல் படித்துப் பட்டம் வாங்கியவன் கேட்ட கேள்வி இது.

மதியத்துக்குள் விவரம் தெரிந்துவிட்டது. பாதாளச் சாக்கடையில் சேர்ந்த நச்சு வாயு, கழிப்பறை வழியாக வீடுகளுக்குள் ஏறியிருக்கிறது. கழிப்பறைக்குப் போன முதிய பெண் ஒருவர் மயங்கி விழ, அவரைத் தூக்கப்போன மகளும் விழுந்தார். அதே தெருப்பக்கம் இன்னொரு வீட்டில் பதினைந்து வயதுப் பள்ளி மாணவி. மூன்று பேரும் இறந்துபோனார்கள். கொலையும் இல்லை, கொள்ளையும் இல்லை, வெள்ளமும் இல்லை. காலையில் எழுந்து கழிப்பறைக்குப் போனார்கள், அவ்வளவுதான்.

மறுநாள் தலைப்பு எப்படி இருந்திருக்கும் என்று பேப்பரைப் பிரிக்காமலே சொல்லிவிடலாம். விஷவாயு தாக்கி மூவர் பலி. சின்ன வயதிலிருந்து எத்தனை தடவை படித்திருக்கிறோம் இந்த வாக்கியத்தை! பலியின் எண்ணிக்கை மாறும், ஊர் மாறும், ‘விஷவாயு தாக்கி’ மட்டும் மாறாது. பள்ளிக்கூடத்து இலக்கணப்படி பார்த்தால், தாக்கியது யார்? விஷவாயு. எழுவாய் அதுதான். சிறுத்தை தாக்கி, யானை தாக்கி, மின்னல் தாக்கி என்கிற வரிசையில் இதுவும் வந்து உட்கார்ந்துகொள்கிறது. காட்டிலிருந்து இறங்கி வந்து அடித்துவிட்டுப் போன ஏதோ ஒன்று மாதிரி. இதற்கு ஒரு தங்கச்சி வாக்கியமும் உண்டு: மூடாத பள்ளத்தில் ‘தவறி விழுந்து’ பலி. அதில் தவறு விழுந்தவர் மேலேயே ஏறிவிடுகிறது. பள்ளம் வெறுமனே ஓர் இடம். ‘பள்ளத்தில்’ என்று வேற்றுமை உருபோடு ஒதுங்கிக்கொள்ளும்.

நம் மொழியைக் குறை சொல்லவில்லை. எல்லா மொழியிலும் இந்தச் சிக்கல் இருக்கத்தான் செய்யும். ஒருவர் செய்ததைச் சொல்ல வினைச்சொல் இருக்கிறது. பத்து வருஷமாக, பல பேர், கொஞ்சம் கொஞ்சமாகச் செய்யாமல் விட்டதைச் சொல்ல என்ன வினைச்சொல் இருக்கிறது? பராமரிக்காமை என்றால் அது வினையா, வினையே இல்லாத ஒரு வெற்றிடமா?

ஜூடித் ஷ்க்லார் என்ற அரசியல் சிந்தனையாளர் 1990இல் அநீதியின் முகங்களைப் பற்றி ஒரு சிறிய புத்தகம் எழுதினார். துரதிர்ஷ்டம் எங்கே முடிகிறது, அநீதி எங்கே தொடங்குகிறது என்பதுதான் அதன் கேள்வி. நிலநடுக்கம் துரதிர்ஷ்டம். ஆனால் சிமென்ட்டில் மண்ணைக் கலந்து கட்டிய பள்ளிக்கூடம் மட்டும் அதே நிலநடுக்கத்தில் இடிந்தால்? கோடு நாம் நினைக்கிற இடத்தில் இல்லை என்கிறார் அவர். கோட்டை எங்கே போடுவது என்பதை, பெரும்பாலும் பாதிக்கப்படாதவர்கள்தான் தீர்மானிக்கிறார்கள் என்பதும் அவருடைய கவலை. ரோமாபுரி சிசரோவிடமிருந்து எடுத்து அவர் வளர்க்கிற ஒரு கருத்துதான் எனக்கு அந்த ஜூன் மாதம் முழுக்கத் தொண்டையில் முள்ளாகச் சிக்கிக்கொண்டிருந்தது. கெடுதல் செய்கிறவன் மட்டுமல்ல, தடுக்க முடிந்தும் தடுக்காமல் வேறுபக்கம் பார்க்கிற சாதாரண ஆளும் அநீதி செய்கிறான். செயலற்ற அநீதி.

முள் சிக்கியதற்குக் காரணம் உண்டு.

எங்கள் வீடு அப்பா கட்டியது. செப்டிக் டேங்க் காலத்து வீடு. பிறகு தெருவுக்குப் பாதாளச் சாக்கடை வந்தது, இணைப்புக் கொடுக்க வேண்டியிருந்தது. அப்போது அப்பா இல்லை, நான்தான் போனிலேயே எல்லாம் பேசினேன். வேலை எடுத்தவர் சொன்னார்: மாடியில் பின்பக்க பாத்ரூமில் குளிக்கிற தண்ணீர் போகும் துளைக்கு வளைவு இல்லை, வெறும் ஜல்லடைதான் இருக்கிறது, தரையை உடைத்து ட்ராப் வைக்க வேண்டும், வெளியே சேம்பரிலும் ஒன்று வைத்து, காற்றுப் போக மொட்டைமாடிவரை பைப் ஏற்றிவிட்டால் நல்லது. மொத்தம் நாலாயிரத்துச் சொச்சம் கூட ஆகும், ரெண்டு நாள் வேலை. நான் சொன்னது அப்படியே ஞாபகம் இருக்கிறது. “இப்போதைக்கு நேரா குடுத்துடுங்கண்ணா, அப்புறம் பாத்துக்கலாம்.” எங்கள் மென்பொருள் தொழிலில் இப்படித் தள்ளிப்போடுவதற்குக் கடன் என்றே பெயர் வைத்திருக்கிறோம். கடன் வாங்குகிறவன் ஒருத்தன், வட்டி கட்டுகிறவன் இன்னொருத்தன் என்பது மட்டும் அந்தப் பெயரில் தெரியாது.

2024 பிப்ரவரியில் மாடியில் குடியிருந்தவர் போன் செய்தார். “அண்ணா, பின்பக்க பாத்ரூம்ல ஒரு மாதிரி முட்ட வாட வருது. ராத்திரில ஜாஸ்தியா இருக்கு.” பினாயில் ஊற்றச் சொன்னேன். மார்ச்சில் மறுபடி சொன்னார். ஆசிட் ஊற்றிக் கழுவச் சொன்னேன். ஏப்ரலில் அவர் சொல்லவில்லை. பிரச்சினை தீர்ந்தது என்று எடுத்துக்கொண்டேன்.

அந்த முட்டை வாடைக்குச் சொந்தக்காரர் ஹைட்ரஜன் சல்பைடு. சாக்கடை ஓடாமல் தேங்கி, அடியில் கசடு சேர்ந்து, ஆக்சிஜன் தீர்ந்துபோனால் அங்கே வாழும் நுண்ணுயிர்கள் கழிவிலுள்ள சல்பேட்டிலிருந்து இதை உண்டாக்கும். வெயில் காலத்தில் வேகமாக. காற்றைவிடக் கொஞ்சம் கனம், அதனால் பள்ளத்தில் தங்கும். இதையெல்லாம் ஜூன் 11க்குப் பிறகுதான் தேடிப் படித்தேன். படித்ததில் ஒரு விஷயம் தூக்கத்தைக் கெடுத்தது. பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் கீழே இருக்கும்போதே நம் மூக்கு இதைப் பிடித்துவிடும். ஆனால் அளவு ஏறி, பத்து லட்சத்தில் நூறு பங்கை நெருங்கினால், சில நிமிஷங்களில் மோப்பமே செத்துப்போகும். வாடை நின்றுவிட்டது என்று மனிதன் நினைப்பான். அதற்குமேல் ஏழெட்டு மடங்கு, பத்து மடங்கு போனால் ஒன்றிரண்டு மூச்சுக்குள் ஆள் சாய்ந்துவிடுவான். அதாவது ஆபத்து குறைவாக இருக்கும்போது நாறும். அதிகமாகும்போது நாறாது.

ஏப்ரலில் அவர் ஏன் போன் செய்யவில்லை? எங்கள் வீட்டில் அந்த அளவுக்கெல்லாம் வாயு ஏறியிருக்காது என்பது தெரியும். சொல்லிப் பயனில்லை என்று விட்டிருப்பார், அல்லது பழகியிருப்பார். இரண்டுமே ஒருவித மோப்பச் சாவுதான்.

பழக்கம் என்பது எனக்குத் தெரியாத சங்கதி அல்ல. ஆன்-கால் டியூட்டியில் இருப்பவர்களுக்குத் தெரியும்: ராத்திரி ரெண்டு மணிக்கு அலாரம் அடிக்கும், எழுந்து பார்த்தால் ஒன்றும் இருக்காது. பத்து தடவை அப்படி ஆனால் பதினோராவது தடவை அந்த அலாரத்துக்கு மட்டும் ஒரு வடிகட்டி போட்டு, தனி ஃபோல்டரில் விழ வைத்துவிடுவோம். நானே செய்திருக்கிறேன். குடியிருப்பவர் சொன்ன வாடையும் அப்படி ஒரு ஃபோல்டரில்தான் விழுந்தது.

அந்த வார சனிக்கிழமை ஊருக்குப் போனேன். பிளம்பர் வந்தார், ஐம்பது வயதுக்காரர். அவர் கருவி எதையும் எடுக்கவில்லை. குந்தி உட்கார்ந்து செல்போன் டார்ச்சை அந்தத் துளைக்குள் அடித்தார். “தண்ணி தெரியணும் தம்பி. தெரியுதா?”

தெரியவில்லை. இருட்டுதான் தெரிந்தது.

வளைந்த குழாயில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் தேங்கி நிற்கும். ஊரின் சாக்கடைக்கும் நம் வீட்டுக்கும் நடுவே இருக்கிற கதவு அதுதான். 1775இல் அலெக்சாண்டர் கம்மிங் என்ற கடிகாரக்காரர் லண்டனில் வளைகுழாயோடு கழிப்பறைக்குக் காப்புரிமை வாங்கினார். இரண்டரை நூற்றாண்டாக அதை மிஞ்சிய ஏற்பாடு வரவில்லை. ரெண்டு அங்குலத் தண்ணீர். வீடு என்பது நான்கு சுவர், ஒரு கதவு, ஒரு பூட்டு என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். வாசல் கதவுக்குத் தேக்கு, அதற்கு மேலே இரும்பு கிரில், ஒரு கேமரா. உண்மையான எல்லை பாத்ரூம் தரைக்குக் கீழே, ரெண்டு அங்குலத் தண்ணீரில் இருக்கிறது. அதை ஒருமுறை வைத்தால் மட்டும் போதாது என்பதுதான் விசேஷம். பயன்படுத்தாத பாத்ரூமில் சில வாரத்தில் அந்தத் தண்ணீர் ஆவியாகிவிடும். யாராவது ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

இங்கே ஒரு குறுக்கு வாதத்தைச் சொல்லியாக வேண்டும். சம்பவத்துக்குப் பிறகு டீக்கடையில், டெம்போவில் எல்லாம் பேச்சு ஒரே திசையில் போனது. “வீட்டுக்காரங்க ட்ராப் வைக்காம கனெக்‌ஷன் குடுத்துட்டாங்கப்பா.” தலைப்புச் செய்தியில் வாயு குற்றவாளி, டீக்கடையில் செத்தவர்கள் குற்றவாளி. என் கதையை வைத்து நானும் அந்தப் பக்கம் சாய்கிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. ரெண்டு அங்குலத் தண்ணீரால் ரெண்டு அங்குல அழுத்தத்தைத்தான் தடுக்க முடியும். கீழே பிரதானக் குழாய் அடைத்து, வாயு சேர்ந்து முட்டினால் நல்ல ட்ராப்பிலும் குமிழியிட்டு மேலே வரும். சாக்கடைக்குள் ஆளைக் கொல்லும் அளவுக்கு வாயு சேர விடாமல் பார்த்துக்கொள்வதுதான் முதல் வேலை: ஓட்டம், கசடு எடுத்தல், காற்றுப்போக்கி, அளந்து பார்க்கும் கருவி. அது எந்தத் தனி வீட்டாலும் முடியாது. இணைப்பு சரியாகக் கொடுக்கப்பட்டிருக்கிறதா என்று வந்து பார்க்கவும் ஓர் ஆள் வேண்டும். அதற்குத்தான் வரி, துறை, பொறியாளர் எல்லாம். என் தவறு சிறிது, பொதுவான தவறு பெரிது. ஆனால் பெரியதைக் காட்டிச் சிறியதை மறைத்துக்கொள்ள முடியுமா என்பது வேறு கேள்வி. நான் சில வாரம் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். ராத்திரி உட்கார்ந்து அரசாங்கத்தைத் திட்டி எழுதினால் நிம்மதியாகத் தூக்கம் வந்தது.

தாமஸ் நேகல் ‘அறத்தில் அதிர்ஷ்டம்’ பற்றி எழுதிய கட்டுரையில் ஒரு லாரி டிரைவர் வருகிறார். பிரேக்கைச் சரிபார்க்காமல் ஓட்டுகிறார், ஒரு குழந்தை குறுக்கே வருகிறது. அதே அலட்சியத்தோடு ஓட்டிய இன்னொருவருக்கு ஒரு குழந்தையும் குறுக்கே வரவில்லை. முதலாமவர் வாழ்நாள் முழுக்கத் தூங்க மாட்டார். இரண்டாமவர் வீட்டுக்குப் போய் ரசம் சாதம் சாப்பிடுவார். (ரசம் சாதம் நேகல் சொன்னதல்ல.) இருவர் மனசிலும் இருந்தது ஒன்றுதான், நடந்தது மட்டும் வேறு. அப்படியென்றால் எதை வைத்துத் தீர்ப்புச் சொல்வது? கல்லூரியில் படித்தபோது இது ஒரு புத்திசாலித்தனமான புதிராகத் தெரிந்தது. இப்போது அந்த இரண்டாவது டிரைவர் நான். எங்கள் மாடி பாத்ரூமில் யாரும் விழவில்லை. அது என் சாமர்த்தியமும் இல்லை, நல்ல மனசும் இல்லை. எங்கள் தெருவுக்குக் கீழே அன்று வாயு அவ்வளவு சேரவில்லை.

இன்னொன்றையும் யோசித்தேன். ரெட்டியார்பாளையச் சம்பவம் ஏன் அவ்வளவு அதிர்ச்சியாக இருந்தது? அதே வாயு, அதே வாக்கியம், பல வருஷமாக வந்துகொண்டுதான் இருக்கிறது. வழக்கமாக மனிதன் வாயுவைத் தேடி இறங்குவான். அன்று வாயு மனிதனைத் தேடி ஏறியது. வித்தியாசம் அவ்வளவுதான். ஒருவர் விழ, தூக்கப் போனவரும் விழுவது சாக்கடை மரணங்களின் பழைய வடிவம். முதலில் இறங்கியவர் பதில் கொடுக்கவில்லை என்று இரண்டாமவர், அவருக்காக மூன்றாமவர். மனிதக் கழிவை மனிதன் அள்ளுவதை 1993இல் ஒரு சட்டம் தடை செய்தது. பாதுகாப்பில்லாமல் சாக்கடையில் இறக்குவதையும் சேர்த்து 2013இல் இன்னொரு சட்டம் வந்தது. 1993க்குப் பிறகு இப்படி இறந்த ஒவ்வொருவர் குடும்பத்துக்கும் 10 லட்சம் தரவேண்டும் என்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. தொகை உயர வேண்டியிருக்கிறது என்றால் சாவு நிற்கவில்லை என்று பொருள். திவ்யபாரதியின் ‘கக்கூஸ்’ ஆவணப்படம் 2017இல் வந்தபோது விடுதி அறையில் லேப்டாப்பில் பார்த்தோம். நடுவில் நண்பன் ஒருவன் எழுந்து போனான், சாப்பிட முடியவில்லை என்றான். அந்த மனிதர்கள் யார், எந்தச் சாதிக்காரர்கள் என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவர்கள் உள்ளே விழுந்தபோது வராத மோப்பம், வீட்டுக்குள் வந்ததும் நமக்கு வந்தது.

பராமரிப்பை ஒரு தனி அறமாக, அழகாகப் பேச ஆரம்பித்தால் இந்த இடத்தில் நாக்கு இடறும். குடிமராமத்து என்று இன்று பெருமையாகச் சொல்கிறோம், ஊரே சேர்ந்து ஏரியைத் தூர்வாரிய காலம் என்று. ஊரே சேர்ந்துதான் வாரியதா? 1858இல் சென்னை மாகாணத்தில் அந்த வேலைக்கு ஆள் வராதபோது கட்டாயப்படுத்தச் சட்டமே போட வேண்டியிருந்தது. பல ஊர்களில் மடையைத் திறந்து மூடி, கரையைக் காவல் காத்து, ஏரியின் ஒவ்வோர் அங்குலத்தையும் அறிந்திருந்தவர், அதே ஊரின் குடிநீர்க் குளத்தில் இறங்கக் கூடாதவராக இருந்தார். பார்த்துக்கொள்ளும் வேலையை நாம் எப்போதும் நம்மைவிடக் கீழே என்று நினைப்பவர்களிடம் தள்ளியிருக்கிறோம். பிறகு வேலையும் கீழானதாகிவிட்டது. எது முதலில் என்று தெரியவில்லை.

கட்டியவர்களை நினைவு வைத்துக்கொள்கிறோம். மூலக்குளத்திலிருந்து முத்திரப்பாளையம் தூரமில்லை. ஆயி குளம் அங்கேதான். கிருஷ்ணதேவராயர் அந்தப் பக்கம் வந்தபோது ஒரு தாசியின் மாளிகையைக் கோயில் என்று நினைத்துக் கும்பிட்டுவிட்டார், உண்மை தெரிந்ததும் இடிக்கச் சொன்னார், ஆயி தானே இடித்துவிட்டு அந்த இடத்தில் குளம் வெட்டினாள் என்பது கதை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கிருந்து புதுச்சேரி நகரத்துக்குக் குடிநீர் வந்தது. மூன்றாம் நெப்போலியன் காலத்தில் எழுந்த ஆயி மண்டபம் பாரதி பூங்காவில் வெள்ளைவெளேரென்று நிற்கிறது, புதுச்சேரி அரசின் சின்னமும் அதுதான். எனக்கு அந்தக் கதை பிடிக்கும். ஆனால் அதற்குப் பிறகு அந்தக் குளத்தில் பாசி எடுத்தவர், வாய்க்காலில் செத்து விழுந்த நாயைத் தூக்கிப் போட்டவர், இவர்களுக்கு எந்த மண்டபமும் கிடையாது. நியூயார்க்கில் மியர்ல் லேடர்மன் யூகல்ஸ் என்ற கலைஞர் 1979-80இல் கிட்டத்தட்ட ஒரு வருஷம் சுற்றி, நகரத்தின் துப்புரவுத் தொழிலாளர்கள் 8,500 பேருக்கும் ஒவ்வொருவராகக் கைகொடுத்து, நகரத்தை உயிரோடு வைத்திருப்பதற்கு நன்றி சொன்னார். அதுவே அவருடைய கலைப்படைப்பு. நல்ல காரியம்தான். கைகொடுத்த கையோடு நிரந்தர வேலையும் கிடைத்தால் இன்னும் நன்றாக இருக்கும் என்று என் யூனியன்காரச் சித்தப்பா சொல்வார்.

எங்கள் பக்கத்தில் வேறொரு கலைப்படைப்பு உண்டு. வில்லியனூர் ரோட்டில், உள்தெருக்களில், மூடி உடைந்த சாக்கடைக் குழியில் யாரோ ஒரு மரக்கொம்பை நட்டு வைத்திருப்பார்கள். சில சமயம் நுனியில் ஒரு சிவப்புத் துணி. யார் நட்டது என்று தெரியாது. தன் பிள்ளை சைக்கிளில் வரும் வழி என்று நினைத்தாரோ, தானே ஒருமுறை விழுந்தவரோ. அந்தக் கொம்பின் இலையைப் பார்த்தால் குழி எத்தனை நாளாகத் திறந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். பச்சையாக இருந்தால் நேற்று. வாடியிருந்தால் இந்த வாரம். இலையே இல்லாமல் குச்சியாக நின்றால் மாதக்கணக்கு. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்து ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கும் மேல் கொட்டியபோது, தெரு எது குழி எது என்று தெரியாமல் இடுப்பளவுத் தண்ணீரில் நடந்தவர்களுக்கு அந்தக் குச்சிகள்தான் வழி சொன்னதாக அம்மா சொன்னாள். எனக்கு அந்தக் கொம்பின் மேல் மரியாதையும் உண்டு, கோபமும் உண்டு. கொம்பு நட்டதும் குழி கண்ணுக்குப் பழகிவிடுகிறது. சுற்றிப் போகிறோம். பினாயில் மாதிரிதான் அதுவும்.

ஜூன் மாத வேலை ரெண்டு நாளில் முடிந்தது. விலை ஏறியிருந்ததால் ஏழாயிரம் ஆனது. பிளம்பர் போகும்போது மறுபடி டார்ச் அடித்துக் காட்டினார். உள்ளே ஒரு சின்ன வட்டம் மின்னியது. மாடியில் குடியிருந்தவர் கீழே வந்து, “ஊர்லேந்து வந்து உடனே சரி பண்ணிக் குடுத்துட்டீங்கண்ணா, வேற ஓனரா இருந்தா கண்டுக்கவே மாட்டாங்க” என்றார். குழந்தை அவர் இடுப்பில் இருந்தது. அந்தத் துளை ஏன் அப்படி இருந்தது என்று நான் சொல்லவில்லை. பரவாயில்லைம்மா என்று சொன்னேன். அவர் கணவருக்கு மாற்றல் வந்து, அடுத்த மே மாதம் காலி செய்துகொண்டு போனார்கள். நம்பர் இன்னும் என்னிடம் இருக்கிறது. ரெண்டு தடவை கூப்பிடப்போய், என்ன சொல்லி ஆரம்பிப்பது என்று தெரியாமல் வைத்துவிட்டேன்.

இப்போது வேறு குடும்பம் வந்திருக்கிறது. முன்பக்க பாத்ரூமே போதும் என்று பின்பக்கத்தைப் பூட்டி, பழைய சாமான் போட்டு வைத்திருக்கிறார்கள். சாவி கொடுக்கும்போதே சொன்னேன்: வாரத்துக்கு ஒரு தடவை அதைத் திறந்து ஒரு மக்கு தண்ணி ஊத்திடுங்க. அந்தப் பெரியவர் சரிங்க தம்பி என்று தலையாட்டினார். ஏன் என்று கேட்கவில்லை. வீட்டுக்காரருக்கு ஏதோ வேண்டுதல் என்று நினைத்திருப்பார். ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மாவுக்குப் போன் செய்து கேட்கிறேன், ஊத்தினாங்களாம்மா என்று. மேலே போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்வாள். முட்டி வலியோடு படி ஏற வைக்கிறாயே என்று திட்டிக்கொண்டேதான் சொல்வாள்.